பொய்யர் என்றவருக்குப் புனிதர் எழுதிய பதில்

கடந்த 2025ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், அனைத்துப் புனிதர் பெருவிழாவன்று, வத்திக்கான் தூய பேதுரு வளாகத்தில் நிறைவேற்றிய திருப்பலியில், திருத்தந்தை 14ஆம் லியோ அவர்கள் புனித ஜான் ஹென்றி நியூமனைத் திருச்சபையின் மறைவல்லுநர் என்று அறிவித்தார். ஈராயிரம் ஆண்டுகளில் இப்பட்டம் பெற்றவர்கள் இவரோடு சேர்த்து 38 பேர் மட்டுமே. கல்வி உலகினருக்கான யூபிலி நாள்களில் நடந்த விழா அது. அதையொட்டி, புனித அக்குவினா தோமாவோடு இணைத்து, கத்தோலிக்கக் கல்விப் பணிக்குப் பாதுகாவலராகவும் நியூமன் தரப்பட்டிருக்கின்றார்.

நம் பங்குகளில் இச்செய்தி பெரிதாகப் பேசப்பட்டதாகத் தெரியவில்லை. அதில் வியப்பும் இல்லை. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர், ஆக்ஸ்போர்டு அறிஞர், கர்தினால், எழுதியவை எல்லாம் கனத்த நூல்கள். தினமும் காலைப் பூசைக்கு வந்து, பிறகு வேலைக்கு ஓடுகின்ற நமக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அவருடைய வாழ்வில் 1864ஆம் ஆண்டு நடந்த ஒன்று, இன்று நம் கைபேசியில் வாரந்தோறும் நடக்கின்றது. அதனால்தான் இதை எழுதுகின்றோம்.

முதலில் கைபேசிக் கதையைச் சொல்லிவிடுவோம். சில மாதங்களுக்கு முன், நமக்குத் தெரிந்த பங்கு ஒன்றின் இளைஞர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு பதிவை அனுப்பினார்கள். 'அன்று கோதுமைக்கும் பால் பவுடருக்கும் மதம் மாறினார்கள், இன்று பள்ளிக்கூட இடத்துக்கும் வேலைக்கும் மாறுகின்றார்கள், மனதார மாறியவர் ஒருவரும் இல்லை' என்பது அதன் சாரம். நம் பிள்ளைகள் கொதித்து எழுந்தார்கள். அரை மணி நேரத்தில் நாற்பது பதில்கள். பிற சமயத்தாரின் வழிபாட்டைக் கேலி செய்யும் படங்கள், எங்கிருந்தோ எடுத்த அரைகுறை வரலாறு, பிறகு வெறும் வசை. விசுவாசத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்ற திருப்தியோடு எல்லாரும் தூங்கப் போனார்கள். அந்தக் குழுவில் ஒரு சகோதரியும் இருந்தார். இரண்டு ஆண்டுகள் மறைக்கல்வி பெற்று, பாஸ்கா திருவிழிப்பில் திருமுழுக்குப் பெற்றவர். அன்றிரவே அவர் குழுவிலிருந்து விலகிவிட்டார். ஞாயிறு திருப்பலி முடிந்து கெபிக்கு அருகில் அவரைச் சந்தித்தபோது அவர் சொன்னது இதுதான்: "எல்லாரும் எனக்காகத்தான் சண்டை போட்டாங்க. ஆனா நீ ஏன் வந்தேன்னு ஒருத்தரும் என்கிட்ட கேக்கலையே."

இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு நியூமனிடம் போவோம்.

1864 சனவரியில் இங்கிலாந்தின் 'மாக்மில்லன்' இதழில் ஒரு நூல் மதிப்புரை வெளியானது. எழுதியவர் சார்லஸ் கிங்ஸ்லி. ஆங்கிலிக்கன் குரு, கேம்பிரிட்ஜில் வரலாற்றுப் பேராசிரியர், மக்கள் விரும்பி வாசித்த நாவலாசிரியர். எலிசபெத் அரசியின் கால வரலாற்றைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தவர், இடையில், உண்மையை உண்மைக்காகவே நேசிப்பது கத்தோலிக்கக் குருக்களிடம் என்றுமே ஒரு நற்பண்பாக இருந்ததில்லை என்றும், அப்படி இருக்கத் தேவையும் இல்லை என நியூமனே போதிக்கின்றார் என்றும் போகிற போக்கில் எழுதிவிட்டார். நியூமன் அப்போது பர்மிங்காமில் ஓரட்டரி குருக்கள் குழுவில், ஏறத்தாழ மறக்கப்பட்டவராக வாழ்ந்துகொண்டிருந்தார். வயது 62. எந்த நூலில், எந்தப் பக்கத்தில் நான் அப்படிச் சொன்னேன் என்று பதிப்பகத்தாருக்கு எழுதிக் கேட்டார். கிங்ஸ்லியால் பக்கம் காட்ட முடியவில்லை. மன்னிப்புப் போலத் தோன்றும் ஒன்றை எழுதினார். ஆனால் அது மன்னிப்பு அல்ல என்று வாசித்தவர்களுக்குப் புரிந்தது. நியூமன் அந்தக் கடிதங்களை அச்சிட்டு வெளியிட்டார். கிங்ஸ்லி இன்னும் கடுமையான ஒரு சிறு நூலால் திருப்பி அடித்தார்.

இங்கே குற்றச்சாட்டின் உள்ளே இருப்பதைக் கவனிக்க வேண்டும். கிங்ஸ்லி ஒரு வாக்கியத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. 1845இல் நியூமன் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்த நாளிலிருந்து இங்கிலாந்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சந்தேகத்துக்குத்தான் அவர் குரல் கொடுத்தார். இந்த மனிதர் ஆங்கிலிக்கன் குருவாக இருந்தபோதே உள்ளூரக் கத்தோலிக்கராக இருந்தார். மேடையில் ஒன்று, மனதில் ஒன்று. தம்மை நம்பி வந்த மாணவர்களை மெல்ல மெல்ல ரோமை நோக்கித் தள்ளினார் என்பதே அச்சந்தேகம். சுருங்கச் சொன்னால், மனம் மாறியவர் ஏமாற்றுக்காரர். கோதுமை, பால் பவுடர் என்ற சொற்கள் மட்டும்தான் அதில் இல்லை.

இதற்கு எத்தனையோ விதமாகப் பதில் சொல்லியிருக்கலாம். ஆங்கிலிக்கன் சபையின் குறைகளை அடுக்கியிருக்கலாம். எட்டாம் ஹென்றி அரசரின் திருமணங்களில் தொடங்கினால் போதும், நூறு பக்கம் எழுதலாம். நியூமனுக்குக் கிண்டல் எழுத்து வராது என்றும் சொல்ல முடியாது. அக்கலையில் அவர் கைதேர்ந்தவர். அந்தக் கைத்திறமை அவருக்குப் பெருந்துன்பத்தைக் கொண்டுவந்தும் இருந்தது.

1850இல் இங்கிலாந்தில் கத்தோலிக்க மறைமாவட்டங்கள் மீண்டும் நிறுவப்பட்டபோது நாடெங்கும் கத்தோலிக்க எதிர்ப்பு அலை வீசியது. அக்கிலி என்ற முன்னாள் தோமினிக்கன் துறவி இத்தாலியிலிருந்து வந்து, ஊர் ஊராகத் திருச்சபையைத் தூற்றிப் பேசிக் கைத்தட்டல் வாங்கிக்கொண்டிருந்தார். 1851இல் பர்மிங்காமில் நியூமன் ஆற்றிய உரைகளில் ஒன்றில், அக்கிலியின் ஒழுக்கக் கேடுகளை வெளிப்படையாகச் சொல்லிக் கடுமையாகச் சாடினார். அக்கிலி அவதூறு வழக்குத் தொடுத்தார். நியூமன் தரப்பு சாட்சிகளை இத்தாலியிலிருந்தே வரவழைத்தது. அப்படியும் 1852இல் நீதிமன்றம் நியூமனைக் குற்றவாளி என்றது. அபராதம் 100 பவுன். வழக்குச் செலவோ பல ஆயிரம் பவுன். பல நாட்டுக் கத்தோலிக்கர்கள் காசு சேர்த்துக் கொடுத்ததால்தான் கட்டி முடிக்க முடிந்தது. சொன்னது உண்மை என்றே பலரும் ஏற்றுக்கொண்டனர். ஆனால் அந்த எழுத்தைப் படித்து ஒருவராவது திருச்சபையை நேசிக்கத் தொடங்கினாரா? அதே உரைத் தொகுப்பில், பொதுநிலையினர் தங்கள் விசுவாசத்தை ஆழமாக அறிந்து, கேட்பவர்க்கு அமைதியாக விளக்கம் சொல்லத் தெரிந்தவர்களாக இருக்கவேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்ட பகுதியைத் திருச்சபை இன்றும் நினைவுகூர்கின்றது. அக்கிலியைச் சாடிய பக்கங்களை ஆய்வாளர்கள் தவிர யாரும் தேடுவதில்லை.

ஆகவே 1864இல் நியூமன் வேறு வழி எடுத்தார். என்னைப் பொய்யன் என்கின்றீர்கள். சரி, என் மனம் நடந்து வந்த பாதையைச் சிறுவயதிலிருந்து திறந்து காட்டுகின்றேன், நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று முடிவு செய்தார். அப்படிப் பிறந்ததுதான் 'அப்போலோஜியா ப்ரோ வீத்தா சுவா'. தலைப்பில் உள்ள முதற்சொல்லைப் பார்த்து, மன்னிப்புக் கோரும் நூல் என்று சிலர் நினைப்பதுண்டு. அது கிரேக்கச் சொல். தன் நிலையை விளக்கிச் சொல்வது என்று பொருள். பேதுருவின் முதல் திருமுகம் 3ஆம் அதிகாரம் 15ஆம் வசனத்தில், நம் நம்பிக்கைக்கு விளக்கம் கேட்பவருக்கு விடை சொல்ல எப்போதும் ஆயத்தமாக இருங்கள் என்று திருத்தூதர் சொல்கின்ற இடத்திலும் இதே சொல்தான் வருகின்றது. அடுத்தாற்போல், பணிவோடும் மரியாதையோடும் சொல்லுங்கள் என்றும் பேதுரு சேர்த்திருக்கின்றார். நம்மில் பலர் இந்தப் பாதியை எட்டுவதற்குள் மூச்சு வாங்கிவிடுகின்றோம்.

நூல் வாராவாரம் வியாழக்கிழமை சிறு பகுதிகளாக வெளிவந்தது. ஏப்ரல் 21இல் முதல் பகுதி, ஜூன் 2இல் ஏழாவது. பிறகு ஒரு பிற்சேர்க்கை. அச்சகத்தார் ஒருபுறம் காத்திருக்க, நியூமன் மேசை முன் நின்றுகொண்டே எழுதினார். ஒருமுறை தொடர்ச்சியாக 22 மணி நேரம் எழுதினார். எழுதும்போது அடிக்கடி அழுதார் என்பதை அவருடைய கடிதங்களே சொல்கின்றன. பழைய கடிதங்களை நண்பர்களிடமிருந்து கேட்டு வாங்கி, எந்த ஆண்டில் எதை நம்பினேன், எதைச் சந்தேகித்தேன் என்று சரிபார்த்துச் சரிபார்த்து எழுதினார். நினைவில் இருந்ததை அலங்கரித்து எழுதுவது எளிது. அவர் அதைச் செய்யவில்லை.

அந்தப் பாதை நீளமானது. 1801இல் இலண்டனில் பிறந்தவர். 1828 முதல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகக் கோவிலான தூய மரியா ஆலயத்தின் பங்குப் பொறுப்பாளர். இளமையில், கத்தோலிக்கத் திருத்தந்தையே எதிர்க்கிறிஸ்து என்று மனதார நம்பியவர். 1833இல் இத்தாலிப் பயணத்தில் நோயுற்று, ஊர் திரும்பும் வழியில், காற்றின்றிக் கடலில் கப்பல் நின்றிருந்தபோது, ஒளியை நோக்கி வழிகாட்ட வேண்டி ஒரு பாடல் எழுதினார். பின்னாளில் காந்தியடிகள் மிகவும் விரும்பி, ஆசிரம வழிபாட்டிலும் சேர்த்துக்கொண்ட பாடல் அது. எழுதியபோது அவர் கத்தோலிக்கர் அல்லர். சேர இன்னும் 12 ஆண்டுகள் இருந்தன. அந்த ஆண்டே தொடங்கிய ஆக்ஸ்போர்டு இயக்கத்தில், ஆங்கிலிக்கன் சபையைத் தொடக்கத் திருச்சபையின் வேர்களுக்குத் திருப்பவேண்டும் என்று துண்டு நூல்களாக எழுதிக் குவித்தார்கள். நியூமன் 1841இல் எழுதிய 90ஆவது துண்டு நூலைப் பல்கலைக்கழகமும் ஆயர்களும் கண்டித்தார்கள். அவர் வாய் திறவாமல் ஒதுங்கி, லிட்டில்மோர் என்ற சிற்றூருக்குப் போய்ச் செபத்திலும் நோன்பிலும் வாசிப்பிலும் ஆண்டுகளைக் கழித்தார்.

அவரைப் பிடித்து இழுத்த கத்தோலிக்க மறைப்பணியாளர் எவரும் இல்லை என்பது இங்கே முக்கியம். அவரை இழுத்தவை பழைய திருச்சபைத் தந்தையரின் நூல்கள். ஐந்தாம் நூற்றாண்டுச் சச்சரவுகளைப் படிக்கப்போய், அந்தக் கண்ணாடியில் தன் முகமே தெரிகின்றது என்று 1839இல் கண்டுகொண்டார். அதற்குப் பிறகும் ஆறு ஆண்டுகள் தயங்கினார். அவசரப்படவில்லை, சந்தேகத்தோடு தாவவும் இல்லை. கிறிஸ்தவப் படிப்பினையின் வளர்ச்சி பற்றிய நூலை எழுதத் தொடங்கி, அது முடியுமுன்பே, இனித் தாமதிக்க முடியாது என்று பேனாவை வைத்தார். 1845 அக்டோபர் 8 இரவு, பாடுகளின் சபையைச் சேர்ந்த இத்தாலியக் குரு தோமினிக் பர்பேரி கொட்டும் மழையில் வண்டியின் மேல்தளத்தில் பல மணி நேரம் உட்கார்ந்து பயணம் செய்து, சொட்டச் சொட்ட நனைந்து லிட்டில்மோர் வந்து சேர்ந்தார். அவர் அடுப்பருகே உடம்பைக் காயவைத்துக்கொண்டிருந்தபோதே நியூமன் உள்ளே வந்து அவர் காலடியில் முழந்தாளிட்டார். பாவசங்கீர்த்தனம் அன்றிரவு தொடங்கி மறுநாளும் நீடித்தது. 9ஆம் தேதி அவர் திருச்சபையில் ஏற்றுக்கொள்ளப்பட்டார். அப்படியொரு பெரிய அறிஞரை வரவேற்க வந்தவர் திக்கித் திணறி ஆங்கிலம் பேசும் ஓர் எளிய துறவி. ஆண்டவருடைய நகைச்சுவை உணர்வு அலாதியானது என்று சொல்லத் தோன்றுகின்றது.

என்ன கிடைத்தது அவருக்கு? கிங்ஸ்லியும் கேட்கவில்லை, நம் வாட்ஸ்அப் பதிவர்களும் கேட்பதில்லை. ஓரியல் கல்லூரிப் பொறுப்பு போனது. உடன்பிறந்த சகோதரி ஒருவர் கடைசிவரை பேசவில்லை. உயிர் நண்பர்களான கீபில், பியூசி இருவரோடும் மீண்டும் ஒரே அறையில் உட்கார 20 ஆண்டுகள் ஆயின. ஆக்ஸ்போர்டை விட்டு 1846இல் புறப்பட்டவர் 1878இல்தான் திரும்ப அங்கே கால்வைத்தார். இடைப்பட்ட 32 ஆண்டுகளில் அந்நகரின் கோபுரங்களை இரயிலிலிருந்து பார்த்ததோடு சரி. சேர்ந்த இடத்திலும் சிவப்புக் கம்பளம் விரிக்கவில்லை. விசுவாசம் பற்றிய காரியங்களில் பொதுநிலையினரின் மனதையும் திருச்சபை கேட்டறிய வேண்டும் என்று 1859இல் எழுதியதற்காக, உரோமையில் அவர்மேல் புகார் போனது. அந்த நிழல் அவரைவிட்டு முழுதும் விலகியது, 1879இல் திருத்தந்தை 13ஆம் லியோ அவரைக் கர்தினாலாக உயர்த்தியபோதுதான். ஒரு லியோ அவரைக் கர்தினாலாக்க, இன்னொரு லியோ மறைவல்லுநராக்கியிருக்கின்றார்.

'அப்போலோஜியா' வெளிவந்ததும் இங்கிலாந்தின் மனநிலை மாறியது. கத்தோலிக்கம் பிடிக்காதவர்கள்கூட, இந்த மனிதர் உண்மையானவர் என்று ஒப்புக்கொண்டார்கள். காரணம் தேடினால், அந்நூலில் அவர் தாம் விட்டுவந்த சபையை ஓரிடத்திலும் இழிவுபடுத்தவில்லை என்பது கண்ணில் படும். தமக்கு நல்லது கற்பித்த ஆங்கிலிக்கன் ஆசிரியர்களை, நண்பர்களைப் பெயர் சொல்லி நன்றியோடு நினைக்கின்றார். தம் தவறுகளைத் தம்முடையவை என்றே எழுதுகின்றார். 1866இல் ஜெரார்டு மேன்லி ஹாப்கின்ஸ் என்ற ஆக்ஸ்போர்டு மாணவர் அவரைத் தேடி வந்து திருச்சபையில் சேர்ந்தார். பின்னர் இயேசு சபைக் குருவான அவர், ஆங்கிலக் கவிதையின் பெரும் பெயர்களில் ஒருவர்.

அடுத்து நடந்ததுதான் நமக்கு மிகவும் வேண்டியது. 1865இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது, கிங்ஸ்லியை நேரடியாகத் தாக்கிய முதலிரு பகுதிகளையும் நியூமன் நீக்கிவிட்டார். வாதத்தில் அவை கூர்மையானவை. வாசகர்கள் ரசித்துப் படித்தவை. ஆனால் வேலை முடிந்ததும் எடுத்துவிட்டார். பத்தாண்டு கழித்து, 1875 சனவரியில் கிங்ஸ்லி இறந்த செய்தி கேட்டவுடன், அவர் ஆன்மாவுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். இதை அவர் விளம்பரப்படுத்தவில்லை. ஒருவருக்கு எழுதிய கடிதத்தில்தான் சொல்லியிருக்கின்றார். நம்மைப் பொய்யர் என்று ஊர் முழுக்கச் சொன்னவருக்காக நம்மில் எத்தனை பேர் ஒரு பூசைக் கருத்து எழுதிக் கொடுத்திருக்கின்றோம்?

இது நியூமனோடு தொடங்கியதும் அல்ல. புனித அகுஸ்தினார் ஆயரான பிறகும், அவருடைய பழைய மனிக்கேய வாழ்க்கையைக் குத்திக்காட்டிக் கொண்டே இருந்தார்கள் எதிராளிகள். தம் பழைய வாழ்வை அவர் மறைக்கவில்லை. கடவுள் முன்னிலையில் முழுதையும் அறிக்கையிட்டார். பதினாறு நூற்றாண்டுகளாக உலகம் அதை வாசித்துக்கொண்டிருக்கின்றது. செஸ்டர்ட்டன் கதையும் ஏறத்தாழ இதுவே. 1905இல் தம் காலத்து எழுத்தாளர்களின் கொள்கைகளைத் தாக்கி ஒரு நூல் எழுதினார். 'முதலில் உங்கள் கொள்கை என்னவென்று சொல்லுங்கள், பிறகு என் கொள்கையைப் பற்றி யோசிக்கின்றேன்' என்கின்ற தொனியில் ஒரு விமர்சகர் சவால்விட்டார். அந்தச் சவாலுக்குப் பதிலாக, தாம் எப்படி விசுவாசத்துக்கு வந்தேன் என்று 1908இல் எழுதிய 'ஆர்த்தடாக்ஸி' நூல்தான் இன்றும் மறுபதிப்பு காண்கின்றது. அவர் கத்தோலிக்கரானது இன்னும் 14 ஆண்டுகள் கழித்து, 1922இல்.

நம் மண்ணில் இதற்குச் சான்று இல்லையா என்று கேட்கலாம். ஏலாக்குறிச்சிக்குப் போய் அடைக்கல அன்னையை வணங்கிய யாருக்கும் வீரமாமுனிவரைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தரங்கம்பாடியில் இருந்த லூத்தரன் மறைப்பணியாளர்களோடு நடந்த சச்சரவில், கத்தோலிக்க விசுவாசத்தைக் காக்க அவர் வேத விளக்கம், பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு போன்ற வாதநூல்களை எழுதினார். அக்காலத்தில் அவை தேவைப்பட்டிருக்கலாம்; தமிழ் உரைநடை வளரவும் அவை உதவின. ஆனால் இன்று நம் வீடுகளில் யார் அவற்றை வாசிக்கின்றார்கள்? லூத்தரன் சகோதரர்களோடு ஒன்றிப்பு வாரத்தில் சேர்ந்து செபிக்கின்ற நமக்கு, அவற்றின் சில பக்கங்கள் கூச்சத்தையே தரும். மாறாக, புனித சூசையப்பரின் வாழ்வை 3615 பாடல்களில் பாடிய தேம்பாவணியைக் கத்தோலிக்கர் அல்லாத தமிழறிஞர்களும் தலையில் வைத்துக் கொண்டாடுகின்றார்கள். அதில் அவர் யாரையும் மறுக்க உட்காரவில்லை. தாம் நேசித்த ஒன்றைத் தமிழர் நேசிக்கும் மொழியில் சொன்னார்.

இன்று நம் நாட்டில் மதமாற்றம் என்ற சொல்லைச் சொன்னாலே காவல் நிலையமும் நீதிமன்றமும் நினைவுக்கு வருகின்றன. தமிழகத்தில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவரப்பட்டு, 2004இல் திரும்பப் பெறப்பட்டது. வேறு பல மாநிலங்களில் இத்தகைய சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. நீதிமன்றத்தில் போராட வேண்டியதை வழக்கறிஞர்களும் ஆயர் பேரவையும் போராடுகின்றார்கள், போராடட்டும். ஆனால் ஒரு மனிதர் யாருடைய தூண்டுதலும் இன்றி, படித்து, செபித்து, பல ஆண்டு தயங்கி, இழப்பதை இழந்து ஒரு முடிவுக்கு வரமுடியும் என்று நம்பாத சமூகத்துக்கு எந்தச் சட்டவாதம் அதைப் புரியவைக்கும்? அப்படி வந்த ஒருவர் தம் கதையைத் தாமே சொல்லவேண்டும். அதைச் சொல்ல அவருக்கு இடமும் தைரியமும் தருவது பங்கின் வேலை. பிரான்சு நாட்டில் 2025 பாஸ்கா விழாவில் 10,384 வயதுவந்தோர் திருமுழுக்குப் பெற்றார்கள் என்று அந்நாட்டு ஆயர் பேரவை அறிவித்தது. முந்தைய ஆண்டைவிட 45 விழுக்காடு அதிகம். எண்ணிக்கையைப் பார்த்து நாம் மகிழ்கின்றோம். ஆனால் அந்தப் பத்தாயிரம் பேரில் ஒவ்வொருவரும் ஒரு லிட்டில்மோர் இரவைக் கடந்து வந்திருப்பார்கள். அவை எழுதப்படாவிட்டால் எண்ணிக்கை மட்டுமே மிஞ்சும். எண்ணிக்கையோ, மறுதரப்பினரை அச்சுறுத்தத்தான் பயன்படும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். நம் பத்திரிகைகளில் வருகின்ற சாட்சியங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. முன்பு இருள், பிறகு ஒரு செபக் கூட்டம், உடனே ஒளி. முன்பு இருந்த வீடு முழுக்க மூடநம்பிக்கை, பெற்றோர் எல்லாரும் எதிரிகள். இப்படி எழுதினால் வெளியில் உள்ளவர் நம்பமாட்டார், நம்பவும் கூடாது. 2024இல் திருத்தந்தை பிரான்சிஸ் இலக்கியம் பற்றி ஒரு மடல் எழுதினார். இளமையில் பள்ளியில் இலக்கியம் கற்பித்தவர் அவர். நாவலும் கவிதையும் வாசிப்பது குருத்துவ மாணவருக்கு மட்டுமல்ல, விசுவாசிகள் அனைவருக்கும் பிறர் மனதின் உள்ளே நுழையும் பயிற்சி என்பது அம்மடலின் அடிநாதம். கிரகாம் கிரீன் குடிகாரக் குரு ஒருவரை நாயகனாக வைத்து 1940இல் எழுதிய நாவலைப் பற்றி உரோமையிலிருந்து கண்டனம் வந்ததும், பின்னர் அதை வாசித்திருந்த திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை நேரில் சந்தித்து, அதை எல்லாம் பொருட்படுத்த வேண்டாம் என்று தேற்றியதும் பலர் அறிந்ததே. அந்தக் குடிகாரக் குருவின் வழியாகக் குருத்துவத்தின் மேன்மையைப் புரிந்துகொண்டவர்கள் உண்டு. அப்பழுக்கற்ற குருக்களைப் பற்றிய எத்தனையோ கதைகள் அதைச் செய்யவில்லை.

கிங்ஸ்லியின் நாடும் நியூமனை இன்று தன்னுடையவர் என்கின்றது. 2019 அக்டோபர் 13இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கியபோது, அன்றைய இளவரசர் சார்லஸ் உரோமைக்கு நேரில் வந்து கலந்துகொண்டார். அவரே அரசராகி, 2025 அக்டோபர் 23இல் சிஸ்டைன் சிற்றாலயத்தில் திருத்தந்தை 14ஆம் லியோவோடு சேர்ந்து செபித்தார். ஆங்கிலிக்கன் சபையின் தலைவரான அரசர் ஒருவர், பிரிவினைக்குப் பிறகு திருத்தந்தையோடு சேர்ந்து செபித்தது அதுவே முதல்முறை. அந்தச் செபத்தில் பாடப்பட்ட புனித அம்புரோசின் பாடல் நியூமனின் மொழிபெயர்ப்பு. 1864இல் அவர் வசைக்கு வசை எழுதியிருந்தால் இது நடந்திருக்குமா என்று யோசித்துப் பார்க்கலாம்.

நம் சகோதரியிடம் திரும்புவோம். அன்று கெபி அருகே பேசிய பிறகு, அவர் கதையை எழுதித் தரும்படி பங்கு மறைக்கல்வி ஆசிரியர் கேட்டுக்கொண்டார். பங்கு மடலில் பெயர் போடாமல் வெளியிடலாம் என்று பங்குத்தந்தையும் சொல்லிவிட்டார். முதலில் மறுத்தவர், பிறகு ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கின்றார். கல்லூரியில் நாலணா விலையில் கிடைத்தது போன்ற பழைய புதிய ஏற்பாடு ஒன்று கையில் கிடைத்தது, இரகசியமாக அதை வாசித்தது, கோவிலுக்குள் வரத் துணியாமல் ஆறு மாதம் வெளிவாசலில் நின்றது எல்லாம் எழுதியாகிவிட்டதாம். பதினொரு பக்கம் முடிந்திருக்கின்றது. அவருடைய அம்மா இன்றும் ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகின்றவர். மகளுடைய திருமுழுக்குக்கு வரவில்லை. ஆனால் அன்று காலையில் கட்டிக்கொள்ளச் சேலையை இஸ்திரி போட்டு வைத்தவர் அவர்தான். "அம்மாவைப் பத்தி எழுதற இடம் வந்துருச்சு. அவங்க படிச்சா மனசு நோகக்கூடாது, பொய்யும் சொல்லக்கூடாது. அங்கதான் ஒரு வாரமா நிக்கிறேன்" என்றார்.